கருக்கல் நேரத்தில் திறக்கும் வழி: 160, 80, 40 மீட்டர் பேண்டுகளில் தொலைதூரம்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பாளையங்கோட்டையில் அமெச்சூர் ரேடியோவின் 80 மீட்டர் பேண்டை, அதாவது ஏறக்குறைய 80 மீட்டர் அலைநீளமுள்ள அலைவரிசையைத் திறந்தால் மதுரைகூடத் தட்டுத்தடுமாறித்தான் கேட்கும். 160 மீட்டரில் அதுவும் கிடையாது. பக்கத்து ஊரில் ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) இருந்து அவர் அழைத்தால் உண்டு, மற்றபடி வெறும் இரைச்சல். டிசம்பர் கடைசியில் அதே ரேடியோவை, அதே கம்பியோடு, பொழுதடையும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மோர்ஸ் சத்தம் வரக்கூடும். தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். மத்தியானத்துக்கும் பொழுதடைவதற்கும் இடையில் நம் கருவியில் ஒன்றும் மாறவில்லை. தலைக்கு மேலே 60 கிலோமீட்டர் உயரத்தில்தான் மாறியது.

உரிமம் புதிதாக எடுத்தவர்கள் பலரும் தொலைதூரம் என்றதும் பவரைக் கூட்டுவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். நூறு வாட்டை நானூறாக்கினால் கூடுவது 6 டெசிபல். சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு அலகு. சரியான இருபது நிமிடத்தைப் பிடித்தால் அதைவிட அதிகம் கூடும், காசும் செலவில்லை. தாழ் பேண்டுகளில், அதாவது அதிர்வெண் தாழ்ந்த இந்த மூன்றிலும், தூரம் கடிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை எப்படிப் படிப்பது, திருநெல்வேலிச் சீமையில் அது ஏன் மற்ற ஊர்களைப் போல ஓடுவதில்லை என்பதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

பகலில் யார் தடுக்கிறார்கள்

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் காற்றில் பட்டு எலெக்ட்ரான்களை உதிர்க்கின்றன. அப்படி உதிர்ந்த எலெக்ட்ரான்கள் நிறைந்த பகுதிதான் அயனி மண்டலம். கீழிருந்து டி அடுக்கு 60 முதல் 90 கிலோமீட்டர் வரை, ஈ அடுக்கு 100 முதல் 120 வரை, எஃப் அடுக்கு 200-க்கு மேல் 400 வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அலையைத் திருப்பி அனுப்புவது ஈயும் எஃப்பும். டி அடுக்கு திருப்பாது, விழுங்கும்.

விழுங்குவது எப்படி? ரேடியோ அலை கடக்கும்போது எலெக்ட்ரானை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. ஆடும் எலெக்ட்ரான் வாங்கிய ஆற்றலை அலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் நஷ்டம் இல்லை. ஆனால் 70, 80 கிலோமீட்டரில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாகவே இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்குள் எலெக்ட்ரான் ஒரு காற்று மூலக்கூறில் மோதிவிடுகிறது. ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. அதிர்வெண் குறையக் குறைய எலெக்ட்ரான் அகலமாக ஆடும், நஷ்டமும் ஏறும். இந்த ஏற்றம் தோராயமாக அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 7 மெகாஹெர்ட்ஸில் (40 மீட்டர்) 6 டெசிபல் நஷ்டமாகும் ஒரு பாதையில் 1.8 மெகாஹெர்ட்ஸில் (160 மீட்டர்) 90 டெசிபல் வரை நஷ்டமாகும். 90 டெசிபல் என்றால் நூறு கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். மத்தியானத்தில் 160 மீட்டர் செத்துக் கிடப்பதற்கும், 40 மீட்டர் மட்டும் பக்கத்து மாவட்டங்களுக்கு உயிரோடிருப்பதற்கும் இதுதான் காரணம்.

வெயில் போனதும் டி அடுக்கின் எலெக்ட்ரான்கள் சில நிமிடங்களில் அயனிகளோடு சேர்ந்து மறைகின்றன. எஃப் அடுக்கில் காற்று மிக மெல்லியது. அங்கே உதிர்ந்தவை மறுபடி சேர நேரம் பிடிப்பதால் அந்த அடுக்கு ராத்திரி முழுவதும் நிற்கிறது. இதைக் காதால் அறிய உரிமம்கூடத் தேவையில்லை. வீட்டில் பழைய மத்திய அலை வானொலிப் பெட்டி இருந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு வெற்றிடத்தில் முள்ளை வைத்துவிட்டு ஏழு மணி வரை விட்டுவிடுங்கள். பகலில் ஒன்றுமில்லாத அந்த இடத்தில் தூரத்து நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும்.

துள்ளலா, வாய்க்காலா

வழக்கமான பாடம் துள்ளல் கணக்குச் சொல்லும்: அலை மேலே போய் எஃப் அடுக்கில் பட்டுத் தரையில் இறங்கும், தரையில் பட்டு மறுபடி ஏறும். ஒரு துள்ளல் அதிகபட்சம் சுமார் 4,000 கிலோமீட்டர். 14,000 கிலோமீட்டருக்கு நான்கு துள்ளல், நடுவில் மூன்று முறை நிலத்தையோ கடலையோ தொட வேண்டும். ஒவ்வொரு தொடுகையிலும் கொஞ்சம் போகும், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ராத்திரியில் மிச்சமிருக்கும் மெல்லிய டி, ஈ அடுக்குகள் கொஞ்சம் எடுக்கும். 40 மீட்டரில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். 160 மீட்டரில் கூட்டிப் பார்த்தால், காதில் விழும் சிக்னல் கணக்கில் வருவதைவிடப் பலமாக இருக்கும் ராத்திரிகள் உண்டு.

அதற்குக் கொடுக்கப்படும் நல்ல விளக்கம் இது. ராத்திரியில் ஈ அடுக்கின் உச்சிக்கும் எஃப் அடுக்கின் அடிக்கும் இடையே எலெக்ட்ரான் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. தகுந்த கோணத்தில் அதற்குள் நுழைந்த அலை, இரண்டு கரைக்கும் நடுவே ஓடும் வாய்க்கால் தண்ணீரைப் போல, மேலே எஃப்பிலும் கீழே ஈயிலும் பட்டுப் பட்டு, தரையைத் தொடாமலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். தரை நஷ்டமும் இல்லை, டி அடுக்கைக் கடக்கும் நஷ்டமும் இல்லை. 40, 80 மீட்டரில் இதற்கு உறவான இன்னொரு வகை உண்டு: எஃப் அடுக்கின் அடிவயிற்றை மட்டும் தொட்டுத் தொட்டு, பூமியின் வளைவுக்கு மேலேயே நாண் போட்டுக்கொண்டு போவது.

உள்ளே ஓடுவது சரி, நுழைவதும் இறங்குவதும் எப்படி? அடுக்குகள் தரைக்கு இணையாக மட்டமாக இருந்தால் கீழிருந்து போகும் அலை பள்ளத்தில் சிக்காது. கடந்து மேலே போகும், அல்லது திரும்பிக் கீழே வரும். அடுக்கு சாய்ந்திருக்க வேண்டும். அயனி மண்டலம் நிச்சயமாகச் சாய்ந்திருக்கும் இடம் பகலும் இரவும் சந்திக்கும் கோடுதான். ஒரு பக்கம் வெயில் பட்டு அடர்ந்த அடுக்கு, மறுபக்கம் மெலிந்து உயர்ந்த அடுக்கு, நடுவில் சரிவு. கருக்கல் நேரத்தில் சிக்னல் திடீரென்று ஏறி, சில நிமிடம் நின்று, சட்டென்று விழுவதன் ரகசியம் அங்கே இருக்கிறது.

அட்லாண்டிக்கைக் கடந்து கேட்ட அமெச்சூர் ரேடியோவின் புகழ்பெற்ற முதல் வெற்றியும் குளிர்கால ராத்திரி ஒன்றில்தான் கிடைத்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கடலோரக் கூடாரத்தில் அமர்ந்து, கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்து வந்த அமெச்சூர் நிலையத்தின் சிக்னலைப் பிடித்தார். அலைநீளம் சுமார் 230 மீட்டர், அதாவது அதிர்வெண்ணில் இன்றைய 160 மீட்டர் பேண்டுக்கும் கீழே. அவர் கேட்க விரித்திருந்தது 400 மீட்டர் அளவுக்கு நீண்ட பெவரேஜ் கம்பி. அதைப் பற்றிப் பின்னால் வரும்.

திருநெல்வேலியின் கடிகாரம்

திருநெல்வேலி ஏறத்தாழ வட அட்சம் 8.7, கிழக்குத் தீர்க்கம் 77.7. டிசம்பர் 21-ஐ ஒட்டி இங்கே சூரியன் 6.29-க்கு உதித்து மாலை 6.05-க்கு மறைகிறது. ஜூன் 21-ல் 6.02-க்கு உதயம், 6.39-க்கு மறைவு. வருடம் முழுவதும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே நம் பக்கத்துக் கடிகாரத்தை மனப்பாடம் செய்துகொண்டு, எதிர்ப்பக்கத்துக் கடிகாரத்தை மட்டும் மாதத்துக்கு மாதம் பார்த்தால் போதும்.

டிசம்பர் 21-ஐ எடுத்து விரித்துப் பார்ப்போம். நியூயார்க்கில் அன்று சூரியன் உதிப்பது நம் கணக்கில் மாலை 5.47. நமக்கு மறைவது 6.05. பதினெட்டு நிமிட இடைவெளியில் இரண்டு ஊரும் பகலும் இரவும் சந்திக்கும் ஒரே கோட்டின்மேல் நிற்கின்றன. அந்தக் கோடு நம் ஊரிலிருந்து வடக்கிலிருந்து சற்றே மேற்காக, ஏறக்குறைய 336 பாகையில் கிளம்பி, வட அட்லாண்டிக்கின் மேல் பகுதியைச் சுற்றி அமெரிக்கக் கிழக்குக் கரையில் இறங்குகிறது. நியூயார்க்குக்கு மிகக் குறுகிய பாதையின் திசையும் 334 பாகை. இரண்டும் ஒன்றாகவே போகின்றன. அதனால் 5.45-லிருந்து 6.20 வரை ரிசீவர் முன் இருங்கள்.

விடியற்காலையில் கதை மறுபக்கம் திரும்பும். அதே நாளில் சான் பிரான்சிஸ்கோவில் சூரியன் மறைவது நமக்குக் காலை 6.24, நமக்கு உதயம் 6.29. ஐந்தே நிமிட வித்தியாசம். இப்போது கோடு வடக்கிலிருந்து சற்றே கிழக்காக, 24 பாகையில் கிளம்பிச் சைபீரியா, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்குகிறது. ஒரே குளிர்காலத்தில், பொழுதடையக் கிழக்குக் கரை, விடிய மேற்குக் கரை.

இரண்டு பக்கமும் முழு இருட்டாக இருக்கும் நேரத்தையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் பொழுதடைவது நமக்கு அதிகாலை 3.01, அங்கிருந்து நம் உதயம் வரை மூன்றரை மணி நேரம் பொது இருட்டு. ஐரோப்பாவுக்கு இது இன்னும் தாராளம்: லண்டனில் சூரியன் மறைவது நமக்கு ராத்திரி 9.23, அதன் பிறகு விடியும் வரை வழி திறந்தே இருக்கலாம். பொது இருட்டில் சிக்னல் சுமாராக நிலைத்து நிற்கும், அதன் இரு முனைகளில் தூக்கிக் கொடுக்கும். பொதுவாக ஒரு ராத்திரி கிழக்கிலிருந்து மேற்காக நகரும். மாலையில் இருட்டு கிழக்கிலிருந்து வருவதால் முதலில் ஜப்பான், ஆஸ்திரேலியா. ராத்திரி ஏற ஏற அரபு நாடுகள், ஐரோப்பா. விடியும்போது கடைசியாக மிஞ்சுவது மேற்குப் பக்கம்.

நம் ஊருக்கு ஒரு பாதகம் உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. இங்கே அந்தி வெளிச்சம் 22 நிமிடம் போல நீடித்தால், டிசம்பர் லண்டனில் அது 40 நிமிடம். ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டிகளில் ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பதை இங்கே பாதியாகக் குறைத்துப் படியுங்கள். கருவியை அப்போதுதான் சூடாக்கி, ஆன்டெனாவை இசைக்கத் தொடங்கினால் வழி மூடிவிடும். பொழுதடைவதற்கு அரை மணி முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

காந்த நிலநடுக்கோட்டின் மேல் வாழ்வது

பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு, காந்த நிலநடுக்கோடு, இந்தியாவின் தென்முனை வழியாகப் போகிறது. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கு அந்த இடம் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததே முக்கியக் காரணம். நம் பக்கம், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதற்காகத்தான். 160 மீட்டர்காரர்களுக்கு இனிப்பான செய்தி ஒன்று: அங்கே 1990-களில் நிறுவப்பட்ட ரேடார் வேலை செய்த அதிர்வெண் 1.98 மெகாஹெர்ட்ஸ். டி அடுக்கின் மெல்லிய எதிரொலியை வைத்து அந்த உயரத்துக் காற்றை அளந்தார்கள். நம்மை மத்தியானம் முழுவதும் முடக்கிப் போடும் அதே அடுக்கை, ஏறக்குறைய நம் பேண்டிலேயே, நம் ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்தப் படுத்த காந்தப்புலம் நம் ஆன்டெனாவுக்கு என்ன செய்கிறது? காந்தப்புலத்தில் எலெக்ட்ரான் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும். நம் தலைக்கு மேல் அந்தச் சுழற்சி அதிர்வெண் சுமார் 1.1 மெகாஹெர்ட்ஸ். 160 மீட்டர் பேண்ட் அதற்கு மிக அருகில் இருக்கிறது. அயனி மண்டலத்துக்குள் நுழையும் எந்த அலையும் இரண்டு கூறாகப் பிரியும். அதில் ஒன்று எலெக்ட்ரானின் சுழற்சியோடு ஒத்துப்போவதால் கடுமையாக விழுங்கப்படும், மற்றொன்று தப்பிக்கும். எந்தக் கூறுக்கு எவ்வளவு போகும் என்பதை ஆன்டெனாவின் வாக்கும் போகும் திசையும் தீர்மானிக்கின்றன.

இங்கே காந்தப்புலம் தெற்கு வடக்காகப் படுத்திருக்கிறது. கிழக்கிலோ மேற்கிலோ போகும் அலையில் மின்புலம் தெற்கு வடக்காகக் கிடைமட்டமாக இருந்தால் அது தப்பிக்கும் கூறு. மின்புலம் செங்குத்தாக இருந்தால் விழுங்கப்படும் கூறு. அதாவது, தாழ் பேண்டுக்குச் செங்குத்து ஆன்டெனாதான் சிறந்தது என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்வது, இங்கிருந்து மலேசியாவுக்கோ கிழக்கு ஆப்பிரிக்காவுக்கோ 160 மீட்டரில் பேசும்போது பொருந்தாமல் போகலாம். தெற்கு வடக்காகக் கட்டிய டைபோல் (நடுவில் இணைப்புக் கொடுத்த கிடைமட்டக் கம்பி ஆன்டெனா) அங்கே ஜெயிக்கும். அமெரிக்கா, ஐரோப்பா போன்ற வடக்குப் பாதைகளில் அலை ஏறக்குறையப் புலத்தின் வழியாகவே போவதால் எந்த வாக்கில் அனுப்பினாலும் பாதி ஒரு கூறுக்கு, பாதி மற்றதற்கு. 3 டெசிபல் நஷ்டத்தோடு தப்பிக்கலாம். அங்கே செங்குத்துக் கம்பியின் தாழ்ந்த கோணம் கைகொடுக்கும். 80 மீட்டரில் இந்த விளைவு குறைவு, 40 மீட்டரில் மறந்துவிடலாம்.

காந்த நிலநடுக்கோட்டின் இன்னொரு குணம் மாலையில் தெரியும். பொழுதடைந்ததும் இங்கே எஃப் அடுக்கு விறுவிறுவென்று உயர்ந்து, சில நாட்களில் துண்டு துண்டாகக் கலைகிறது. மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களிலும் சூரியப் புள்ளிகள் அதிகமுள்ள ஆண்டுகளிலும் இது மிகுதி. அப்போது ஏழு மணிக்கு மேல் 40 மீட்டரில் பேச்சு படபடவென்று நடுங்கும், வார்த்தை புரியாது. ரேடியோ பழுதாகவில்லை. மோர்ஸுக்கு மாறினால் புரியும். இல்லையென்றால் நடுராத்திரி வரை பொறுத்தால் அடங்கும்.

கம்பியும் மண்ணும்

160 மீட்டருக்கு அரை அலை டைபோல் 78 மீட்டர். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் கணக்கு. 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு 39.7, 7.1-க்கு 20.1 மீட்டர். 80-க்கும் 40-க்கும் டைபோல் எளிது. 160-க்கு நம் ஊரில் கைக்கெட்டும் வழி பனைமரமும் தலைகீழ் எல் ஆன்டெனாவும்தான். அடியிலிருந்து 15 மீட்டர் செங்குத்தாக ஏறி, அங்கிருந்து 25 மீட்டர் கிடைமட்டமாக இன்னொரு மரத்துக்கு. மொத்தம் 40 மீட்டர். கிடைமட்டப் பகுதியை வடக்குத் தெற்காக இழுங்கள். மேலே சொன்ன தப்பிக்கும் கூறில் கொஞ்சமாவது அதிலிருந்து கிடைக்கும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிவிசி உறையிட்ட செம்புக் கம்பியே போதும். உறை இருந்தால் கம்பி இரண்டு மூன்று சதவீதம் குறைவாகவே தேவைப்படும் என்பதால் முதலில் நீளமாக விட்டு, அளந்து, அரையடி அரையடியாக வெட்டுங்கள். செங்குத்துக் கம்பி மரத்தண்டிலிருந்து ஒரு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். ஏறுவதைப் பனையேறியிடம் விட்டுவிடுங்கள். உச்சியில் கட்டாமல் ஒரு கப்பி போட்டு, கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிட்டால், வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து ஆடிக் காற்றில் மரம் ஆடினாலும் கம்பி அறாது. மின்கம்பிகள் அருகில் எதையும் கட்டக் கூடாது. விழுந்தால் அவற்றைத் தொடும் தூரம்கூட அருகில்தான்.

அடியில் தரைக்கம்பிகள் வேண்டும். இதில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். 15 மீட்டரில் 16 கம்பிகள், மண்ணின்மேல் விசிறியாக. ஆன்டெனாவோடு சேர்த்து 280 மீட்டர் வருகிறது, 90 மீட்டர் சுருள் நான்கு வாங்கினால் மிச்சத்தில் இன்னும் ஐந்து கம்பி போடலாம். ஒரு எச்சரிக்கை: நான்கு கம்பி மட்டும் போட்டுவிட்டு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா 50 ஓம் கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். இந்த உயரத்துக்கு ஆன்டெனாவின் சொந்தக் கதிர்வீச்சுத் தடை 50 ஓமுக்கு வெகு கீழே. 50 காட்டுகிறது என்றால் மீதியைச் சேர்ப்பது மண்ணின் தடை, பவர் மண்புழுவுக்குப் போகிறது. கம்பி கூடக் கூட எஸ்டபிள்யூஆர் 2-ஐ நோக்கி ஏறினால் அதுதான் நல்ல அறிகுறி. பிறகு ஒரு சிறு காயிலோ ட்ரான்ஸ்ஃபார்மரோ வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

மண் எது என்பது பெரிய விஷயம். தூத்துக்குடி உப்பளக் கரை செங்குத்து ஆன்டெனாவுக்குச் சொர்க்கம். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரையும் கடல் பக்கத்துத் திசைகளுக்கு அப்படியே. தாமிரபரணிப் பாசன வயல்கள் அடுத்தபடி. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் காய்ந்து கிடப்பதால் மின்சாரம் கடத்தாது, அங்கே தரைக்கம்பி இரட்டிப்பாக வேண்டும். ஆனால் தேரிக்காட்டுக்காரர் வருந்த வேண்டியதில்லை. காட்லி விரித்த பெவரேஜ் ஆன்டெனா, கெட்ட மண்ணின் மேல்தான் நன்றாக வேலை செய்யும். அலை மண்ணில் இழுபட்டுச் சாய்வதால்தான் அந்தக் கம்பியில் மின்சாரம் உண்டாகிறது. உப்பளத்தில் அது தூங்கிவிடும். 160 மீட்டர் நீளம், ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக இரண்டரை மீட்டரில், கேட்க வேண்டிய திசையை நோக்கிய முனையில் 470 ஓம் தடையும் தரைக்கம்பியும், இந்த முனையில் ஒன்பதுக்கு ஒன்று ட்ரான்ஸ்ஃபார்மர். கேட்பதற்கு மட்டும், இதில் ஒலிபரப்பக் கூடாது.

இரைச்சல்தான் உண்மையான எல்லை

வழி திறந்திருந்தும் கேட்காமல் போவதற்கு நம் ஊரில் முதல் காரணம் இடி. தூரத்து இடியின் சடசடப்பும் அதே வழியாகத்தான் வருகிறது. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் 160 மீட்டர் பெரும்பாலும் வீண். மார்கழி பிற்பாதியிலிருந்து மாசி வரை வானம் தெளியும், அமெரிக்காவும் ஐரோப்பாவும் நீண்ட இரவில் இருக்கும். அந்த இரண்டரை மாதத்தை வீணாக்காதீர்கள். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம் என்றில்லை, ஆனால் மேற்கு மலைப் பக்கம் மின்னல் தெரிந்தால் ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். ஸ்விட்சை அணைப்பது போதாது.

இரண்டாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி பல்பின் டிரைவர், போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் தாழ் பேண்டில் இரைகின்றன. கண்டுபிடிக்கும் முறை இது: ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டில். ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டு வந்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். விழவில்லையென்றால் தெருவில். பொழுதடைந்ததும் தானாக நின்றுபோகும் இரைச்சல் பக்கத்து மாடியின் சோலார் இன்வெர்ட்டராக இருக்கலாம். அது நமக்குத் தொந்தரவே இல்லை. கோஆக்ஸின் மேலுறை வழியாக வீட்டு இரைச்சல் ஆன்டெனாவுக்கு ஏறுவதைத் தடுக்க, 2.4 அங்குல 31 மிக்ஸ் ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோஆக்ஸைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி ஆன்டெனா அடியில் வையுங்கள்.

பெவரேஜுக்கு இடமில்லாத வீட்டுமனைக்காரர்கள், பக்கத்துக்கு நாலரை மீட்டராகச் சதுரமாகத் தரையிலேயே ஒரு கம்பி வளையத்தைப் போட்டு, ஒன்பதுக்கு ஒன்று ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கேட்கலாம். சிக்னல் மிகத் தாழ்வாகத்தான் வரும். இரைச்சல் அதைவிட அதிகம் தாழ்ந்தால் லாபம்தானே.

ஒலிபரப்பாமலே பார்ப்பது

ஒலிபரப்ப மத்திய அரசின் டபிள்யூபிசி தரும் உரிமம் வேண்டும், உரிமத்தில் எழுதியிருக்கும் அதிர்வெண் எல்லைக்குள் மட்டும். 160 மீட்டரில் இந்திய எல்லை பல நாடுகளைவிடக் குறுகலானது என்பதால் வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து அங்கே விசையை அழுத்தாதீர்கள். வழி திறப்பதைப் பார்க்க மட்டும் என்றால் டபிள்யூஎஸ்பிஆர் போதும். விஸ்பர் என்றுதான் எல்லாரும் சொல்வது. நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு அனுப்புகையும் இரட்டைப்படை நிமிடத்தில் தொடங்கிச் சற்றேறக்குறைய இரண்டு நிமிடம் நீளும், காதுக்குக் கேட்காத சிக்னலையும் கணினி பிரித்தெடுக்கும். ரிசீவரை மேல்பக்கப்பட்டையில் (கருவியில் USB என்றிருக்கும்) 3.5686 அல்லது 7.0386 மெகாஹெர்ட்ஸில் வைத்து, ஒலியைக் கணினிக்குக் கொடுங்கள். கேட்பதற்கு 1.8366-ம் உண்டு. ஒன்றுமே பிரியவில்லை என்றால் முதலில் கணினிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஓரிரு நொடி பிசகினாலே எல்லாம் பாழ். அடுத்து ஒலி அளவைப் பாருங்கள். அதிகம் கொடுத்து உருக்குலைப்பதுதான் வழக்கமான தவறு.

ஒரு வாரம் ராத்திரி முழுக்க ஓடவிட்டு, ஒரே தூரத்து நிலையத்தின் பலத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், பொழுதடையும்போதும் விடியும்போதும் திமில் போல எழும்பி விழுவது கண்ணுக்குத் தெரியும். சில ராத்திரி வராது. அப்போது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கே குறியெண்ணைப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போகும் இரண்டு பாதையும் வட துருவத்தைச் சுற்றிய துருவ ஒளி வளையத்தின் விளிம்பை உரசுகின்றன. கே 0, 1 என்றால் நல்லது. 4-க்கு மேல் என்றால் அந்தத் திசை அடைத்துவிடும், தெற்குப் பாதைகள் பிழைக்கலாம். சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-ஐ ஒட்டி வந்துபோய்விட்டதால், சூரியன் அடங்க அடங்க தாழ் பேண்டுகள் வரும் ஆண்டுகளில் மேம்படும்.

அம்பாசமுத்திரத்தில் ஒருவர் தெளிவாகக் கேட்கும் நிலையம், அதே நிமிடத்தில் நாகர்கோவிலில் கேட்காமல் போவது 160 மீட்டரில் நடக்கும். வாய்க்காலிலிருந்து அலை இறங்கும் இடம் அவ்வளவு குறுகல். பத்து நிமிடத்தில் அது நகர்ந்து இவருக்கு வந்து அவருக்குப் போய்விடும். அதனால் நண்பர் கேட்டதை நாம் கேட்கவில்லையே என்று ஆன்டெனாவைக் கழற்ற வேண்டாம். திசையையும் நம்ப வேண்டாம். வடக்கு அடைத்திருக்கும் ராத்திரிகளில் வட அமெரிக்க நிலையம் தென்மேற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ, கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதும் உண்டு. திசை காட்டும் ரிசீவிங் ஆன்டெனா இரண்டு இருந்தால், வடக்கில் கேட்காததைத் தெற்கில் ஒருமுறை மாற்றிக் கேட்டுவிட்டு அணையுங்கள். பதிவேட்டில் நேரம், பலம், நிலையம் என்று மூன்று பத்தி போடுபவர்கள், எந்த ஆன்டெனாவில் கேட்டது என்று நாலாவது ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.